ஒரு பாட்காஸ்ட், ஒரு கிராஃப்ட் பீர்: எத்தனை கிராம்?

1) இன்னிக்கு கிராஃப்ட் பீர் பத்தி ஒரு நீண்ட இழை. குடிக்காதவங்க "நமக்கு எதுக்கு"ன்னு நினைச்சா தாராளமா கடந்து போயிடலாம். ஆனா வெளிநாட்டுல பையனோ தம்பியோ மருமகனோ இருந்தா கொஞ்சம் நின்னு படிச்சிட்டுப் போங்க. குடிக்கச் சொல்லவும் வரல, குடிக்கிறவங்களைத் திட்டவும் வரல. ஒரு கணக்கு சொல்லித்தர வந்திருக்கேன்.

2) கொஞ்ச நாளா உள்பெட்டியில ஒரே மாதிரி கேள்விகள். பெரும்பாலும் சியாட்டில், போர்ட்லண்ட், சான் டியாகோ பக்கம் வேலைல இருக்கிற தம்பிகள். கேள்வியோட சாரம் இதுதான்: "டாக்டர், நான் பார்ல உட்கார்ந்து குடிக்கிற ஆள் இல்ல. வாரத்துல நாலு ராத்திரி ஒரு நல்ல பாட்காஸ்ட், அதுக்குப் பொருத்தமா ஒரு கிராஃப்ட் பீர். அவ்ளோதான். இது ஹாபி தானே?"

3) ஹாபிதான். மறுக்கல. ஆனா என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கிராஃப்ட் பீர் ரசிகர்கள் எல்லாத்துக்கும் ஒரு எண் வச்சிருக்காங்க. கசப்புக்கு ஒரு எண், நிறத்துக்கு ஒரு எண், ருசிக்கு அஞ்சுக்கு எத்தனைன்னு ஒரு எண். உடம்புக்குள்ள போற ஆல்கஹால் எத்தனை கிராம்ங்கிற எண் மட்டும் அந்தக் குறிப்பேட்டுல இருக்கிறதில்ல. அதைச் சேர்த்து எழுதுங்கங்கிறதுதான் இந்த இழை.

4) தெரியாதவங்களுக்குச் சின்ன அறிமுகம். அமெரிக்காவுல 1970களின் கடைசியில பீர் காய்ச்சற கம்பெனிகள் நூறுக்கும் கம்மி. கிட்டத்தட்ட எல்லாமே ஒரே மாதிரி வெளிர் மஞ்சள் லேகர். அதுல சலிச்சுப்போன சிலர் தாங்களே காய்ச்ச ஆரம்பிச்சாங்க. ஜாக் மெக்காலிஃப்ங்கிறவர் 1976-ல கலிஃபோர்னியாவுல சோனோமா பக்கம் நியூ அல்பியன்னு ஒரு குட்டி ஆலை தொடங்கினார். சில வருஷத்துல மூடிட்டாங்க. ஆனா பாதை போட்டாச்சு.

5) 1978-ல ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். வீட்டுல சொந்த உபயோகத்துக்குப் பீர் காய்ச்சறதுக்கு இருந்த மத்திய அரசுத் தடை அதோட போச்சு. அந்த வீட்டுக் காய்ச்சல்காரங்கள்ல பலர்தான் பின்னாடி ஆலை முதலாளிகள் ஆனாங்க. இன்னிக்கு அங்க 9000-க்கும் மேல ஆலைகள். (நம்ம ஊர்ல வீட்ல காய்ச்சினா போலீஸ் வரும். யாரும் முயற்சி பண்ணாதீங்க. நான் சொல்றது அமெரிக்கக் கதை.)

6) அதோட கூடவே ஒரு ரசிகர் உலகமும் வளர்ந்துச்சு. 1982-லிருந்து கொலராடோவுல பெரிய பீர் திருவிழா. 1996-ல பீர்அட்வகேட். 2005 வாக்குல வீட்டுக் காய்ச்சலுக்குன்னே பாட்காஸ்ட்கள். 2010-ல அன்டாப்ட்னு ஒரு செயலி: குடிச்ச பீரைப் பதிவு பண்ணி, அஞ்சுக்கு மதிப்பெண் போட்டு, பதக்கம் வாங்கிக்கலாம். கிளாஸ் சேகரிக்கிறவங்க, லேபிள் சேகரிக்கிறவங்க, கிளாஸுக்கு அடியில வைக்கிற அட்டையைச் சேகரிக்கிறவங்கன்னு தனித்தனிக் கூட்டம்.

7) அந்த உலகத்தோட ஒரு விளையாட்டுதான் இந்தப் பாட்காஸ்ட் ஜோடி. வரலாறு கேட்டா போர்ட்டர், கொலைக் கேஸ் கேட்டா கறுப்பு ஸ்டௌட், நகைச்சுவைன்னா பில்ஸ்னர்னு பட்டியல் போடுவாங்க. சாம்பாருக்கு அப்பளமா, உருளைக்கிழங்கு வறுவலான்னு நாம சண்டை போடுறதில்லையா, அந்த மாதிரி. இதுல கேலி பண்ண ஒண்ணுமில்ல.

8) உண்மையைச் சொன்னா இதுல கொஞ்சம் அறிவியலும் இருக்கு. காது நாக்கை மாத்தும். பெல்ஜியத்துல ஒரு ஆய்வு, 2016-ல வெளிவந்தது. எடிட்டர்ஸ்ங்கிற இசைக்குழுவோட பாட்டை வச்சு ஒரு போர்ட்டர் பீரை உருவாக்கி, மக்களுக்குக் குடிக்கக் கொடுத்தாங்க. அந்தப் பாட்டையும் கேட்டு, லேபிளையும் பார்த்துக் குடிச்சவங்க, பாட்டு இல்லாம குடிச்சவங்களைவிட அதிகமா ரசிச்சதா சொன்னாங்க.

9) நேரக்கணக்கும் ஒரு காரணம். பில்ஸ்னரை ஜில்லுனு, நுரை அடங்கறதுக்குள்ள குடிக்கணும். ஒரு மணி நேரம் வச்சிருந்தா அது வேற ஏதோ ஆயிடும். இம்பீரியல் ஸ்டௌட் நேர் எதிர். ஃபிரிட்ஜ்லருந்து எடுத்த உடனே ஊமையா இருக்கும். 10, 12 டிகிரிக்கு வந்தபிறகுதான் காபி, சாக்லேட், உலர்ந்த பழ வாசனையெல்லாம் ஒவ்வொண்ணா வெளிய வரும். நீளமான எபிசோடுக்கு ஸ்டௌட்னு சொல்றவங்க சும்மா சொல்லல.

10) சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். கணக்கு ரொம்ப எளிது. டின்ல எத்தனை மில்லி, எத்தனை சதவீதம்னு போட்டிருக்கும். மில்லியை சதவீதத்தால பெருக்கி, 100-ஆல வகுங்க. வர்றதை 0.8-ஆல பெருக்குங்க. கிடைக்கிறது ஆல்கஹால் கிராம். எட்டாங் கிளாஸ் கணக்கு. நல்லா பாருங்க, இதுக்குமேல இந்த இழைல கஷ்டமான கணக்கு எதுவும் கிடையாது.

11) அமெரிக்கால பழைய காலத்து சாதா டின் 355 மில்லி, 5%. கணக்கு போட்டா 14 கிராம். அமெரிக்க மருத்துவ உலகம் "ஒரு டிரிங்க்"னு சொல்றது இதைத்தான். இப்ப கிராஃப்ட் டின் எடுங்க. பெரும்பாலும் 473 மில்லி. டபுள் ஐபிஏன்னா 8% சர்வசாதாரணம். ரஷ்யன் ரிவர் ஆலையோட பிரபலமான பிளினி தி எல்டர் இருக்கே, அதுவும் 8%தான். 473 மில்லிக்குக் கணக்கு போட்டா 30 கிராம்.

12) அதாவது டின் ஒண்ணுதான், டிரிங்க் ரெண்டு. பெல்ஜியம் மடாலயத்துப் பீர் ரோஷ்ஃபோர்ட் 10 எடுத்துக்கோங்க. பார்க்க சின்ன பாட்டில், 330 மில்லிதான். ஆனா 11.3%. அதுவும் 30 கிராம். பாட்டில் அளவைப் பார்த்துக் கண் ஏமாறும். கல்லீரலுக்குக் கண் கிடையாது, அது கிராமை மட்டும்தான் வாங்கும்.

13) இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. ஊர்ல டாஸ்மாக் ஸ்ட்ராங் பீரைப் பார்த்து "அய்யே, போதைக்குக் குடிக்கிறானுங்க"ன்னு முகம் சுளிக்கிறவங்க கையில இருக்கிற டபுள் ஐபிஏவும் அதே 8% பலம்தான். ஹாப்ஸ் வாசனை வேற, விலை வேற, டின்னுல இருக்கிற ஓவியம் வேற. எத்தனால் மூலக்கூறு ஒண்ணுதான். ரசனை உள்ளவங்களுக்குன்னு தனி எத்தனால் யாரும் கண்டுபிடிக்கல.

14) இது ஏன் ஒரு டாக்டருக்கு முக்கியம்? எங்ககிட்ட வர்றவங்ககிட்ட "குடிப்பழக்கம் உண்டா, எவ்வளவு?"ன்னு கேட்போம். ஆடிட்-சின்னு மூணு கேள்வி உள்ள ஒரு படிவம் உலகம் முழுக்கப் பயன்பாட்டுல இருக்கு. அதுல ரெண்டாவது கேள்வி: குடிக்கிற நாள்ல எத்தனை டிரிங்க்? மனுஷன் மனசாட்சிப்படி "ரெண்டு"ன்னு எழுதுறார். அவர் குடிச்சது ரெண்டு டபுள் ஐபிஏ. உண்மையில நாலு டிரிங்க்கைத் தாண்டிடுச்சு.

15) அவர் பொய் சொல்லல. "ஒரு பீர்"ங்கிற அளவுகோல் அவருக்குத் தெரியாமலே ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. படிவம் சுத்தமா வருது, டாக்டர் அடுத்த பக்கத்துக்குப் போயிடறார். ரெண்டு வருஷம் கழிச்சு ஸ்கேன்ல கல்லீரல் கொழுப்பு. "நான் ரெண்டே ரெண்டு பீர்தானே டாக்டர்"னு அப்பவும் அதே பதில். இந்த உரையாடல் எனக்கும் பழக்கம்தான், எந்த ஊர் டாக்டரைக் கேட்டாலும் சொல்வாங்க.

16) கல்லீரல் கொழுப்பு நோய்க்கு 2023-ல பெயர்களையெல்லாம் மாத்தி அமைச்சாங்க. சர்க்கரை, தொப்பை, ரத்தக்கொழுப்பு மாதிரி வளர்சிதைமாற்றக் கோளாறோட ஆல்கஹாலும் சேர்ந்தா அதுக்குத் தனி வகை. அந்த வகைக்குக் கோடு எங்க போட்டாங்க தெரியுமா? ஆண்களுக்கு வாரம் 210 கிராம், பெண்களுக்கு 140 கிராம். நாள் கணக்குல ஆணுக்கு 30, பெண்ணுக்கு 20. தினம் ஒரு டபுள் ஐபிஏ டின் குடிக்கிற ஆண் சரியா அந்தக் கோட்டு மேலயே நிக்கறார். பெண்ணா இருந்தா எப்பவோ தாண்டியாச்சு.

17) இது நம்ம ஆட்களுக்கு ரொம்பவே பொருந்தும். தெற்காசியர்களுக்கு எடை பெரிசா கூடாமலே வயித்துக்குள்ள கொழுப்பு சேரும், சர்க்கரை சீக்கிரம் வரும். நாள் பூரா நாற்காலி, ராத்திரி சோறு, அதுக்கு மேல பீர். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அதே அளவு குடிச்சிட்டு வாரக்கடைசில மலை ஏறப் போறார்ங்கிறதை வச்சு உங்க உடம்பை எடை போடாதீங்க.

18) கேட்ட தம்பியோட கணக்கையே போடுவோம். வாரம் நாலு ராத்திரி, ராத்திரிக்கு ஒரு 8% டின். நாலு முப்பது 120 கிராம். பிரிட்டன் அரசாங்க மருத்துவ ஆலோசனை 2016-லிருந்து ஆண் பெண் ரெண்டு பேருக்கும் ஒரே அளவு சொல்லுது: வாரம் 14 யூனிட்டுக்கு மேல வேண்டாம். ஒரு யூனிட் 8 கிராம். ஆக 112. "ஒண்ணே ஒண்ணு"ன்னு குடிக்கிறவர் அந்த வரம்பைத் தாண்டிட்டார். ரெண்டாவது டின் திறந்தா 240.

19) "வரம்புக்குள்ள இருந்தா ஆபத்தே இல்லையா டாக்டர்?" அப்படியும் இல்ல. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லயே மதுவை மனுஷருக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதிப்பட்ட முதல் பிரிவுல சேர்த்துடுச்சு. உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில, பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு கிடையாதுன்னு சொல்லிடுச்சு. வரம்புங்கிறது ஆபத்தைக் கம்மியா வச்சுக்கிற இடம். குறையக் குறைய நல்லது. இதயத்துக்கு நல்லதுன்னு சொல்லிக் குடிக்கத் தொடங்காதீங்க.

20) இப்ப பாட்காஸ்ட் பக்கம் வருவோம். தனியா உட்கார்ந்து ஒரு பீர் குடிச்சா அது முடிஞ்சதும் முடிஞ்சுது. பாட்காஸ்ட் கூட இருந்தா கடிகாரம் அதோட கைக்குப் போயிடும். எபிசோட் முடியல, கிளாஸ் காலி. இன்னொண்ணு எடுத்துக்கலாம். கிளாஸ் காலியாகல, எபிசோட் முடிஞ்சுது. அடுத்தது தானா ஓட ஆரம்பிக்குது. ரெண்டுல எது முந்தினாலும் மத்தது நீளும். இந்த ஜோடியில எனக்கு இருக்கிற பெரிய ஆட்சேபம் இதுதான்.

21) சூழல் நம்ம குடியோட வேகத்தை மாத்தும்ங்கிறதுக்கு ஆதாரம் இருக்கு. பிரான்ஸ்ல 2008-ல வந்த ஒரு ஆய்வு. பார்ல இசையோட சத்தத்தை 72 டெசிபல்ல இருந்து 88-க்கு ஏத்தினாங்க. இளைஞர்கள் அதிகம் குடிச்சாங்க, ஒரு கிளாஸ் முடிக்க ஆன நேரமும் சராசரியா சுமார் 3 நிமிஷம் குறைஞ்சுது. பாட்காஸ்ட் அவ்வளவு சத்தம் இல்லதான். ஆனா கவனம் வேற இடத்துல இருக்கும்போது கை தன்பாட்டுக்கு வேலை செய்யும்ங்கிறதை இது காட்டுது.

22) கிளாஸ் சேகரிக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 2012-ல பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துல பார்த்தாங்க. வளைவான கிளாஸைவிட நேரான கிளாஸ்ல லேகர் குடிச்சவங்க கிட்டத்தட்ட 60% மெதுவாக் குடிச்சாங்க. வளைஞ்ச கிளாஸ்ல பாதி எங்கன்னு கண்ணுக்குச் சரியாப் பிடிபடறதில்லைங்கிறது அவங்க சொன்ன விளக்கம். மது இல்லாத பானத்துல இந்த வித்தியாசம் வரல. அழகான கிளாஸ் அலமாரியில இருக்கட்டும், குடிக்கிறது நேர் கிளாஸ்ல இருக்கட்டும்.

23) மதிப்பெண் விளையாட்டும் ஒரு பக்கமா இழுக்கும். ரசிகர்கள் போடுற தரவரிசையில மேல இருக்கிறதுல பெரும்பகுதி இம்பீரியல் ஸ்டௌட், டபுள் ஐபிஏ, ட்ரிப்பிள் ஐபிஏ. வரிசையா பத்து பீர் ருசி பார்த்தா, உரக்கப் பேசுறதுதான் நினைவுல நிக்கும். அடக்கமான 4.5% பில்ஸ்னரை ஒழுங்கா காய்ச்சறது ரொம்பக் கஷ்டம்னு எந்த ஆலைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். அதுக்கு மார்க் கம்மி. மார்க்கைத் துரத்துறவர் தெரியாமலே சதவீதத்தைத் துரத்துறார்.

24) பாவ்லோவ் நாயைப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. மணி அடிச்சா எச்சில் ஊறும். தினம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியோட தொடக்க இசை, கூடவே டின் திறக்கிற சத்தம். மூணு மாசம் இப்படிப் போனா, அந்த இசையே மணி ஆயிடும். மூளை நாக்குக்கு முன்னாடி பீரைக் கேட்கும். வெளியூர்ல தனியா இருக்கிற பையனுக்கு அந்த நிகழ்ச்சி நடத்துற குரல்தான் துணை. துணையையும் குடியையும் ஒண்ணா முடிச்சுப் போட்டா, அப்புறம் அவிழ்க்கிறது சிரமம்.

25) இன்னொரு நஷ்டமும் இருக்கு. கேட்டது மனசுல தங்காது. ஆல்கஹால் புதுசாக் கேட்டதை நினைவுல பதிக்கிற வேலையைக் கெடுக்கும். தூக்கத்தையும் கெடுக்கும். சீக்கிரம் தூக்கம் வந்த மாதிரி இருக்கும், பின்பாதி ராத்திரி துண்டு துண்டாப் போயிடும். 30 கிராம் உடம்பை விட்டுப் போக, மணிக்கு 7 முதல் 10 கிராம்னு வச்சாலும் மூணு நாலு மணி நேரம் ஆகும். ரெண்டு மணி நேர வரலாற்று எபிசோட் கேட்டுட்டு காலையில ஒரு வருஷம்கூட ஞாபகம் இல்லன்னா, அந்த ஜோடி யாருக்கு லாபம்?

26) சரி, என்னதான் செய்யலாம்? குடிச்சே ஆகணும்னு நான் யாருக்கும் சொல்லல. குடிக்கிறவங்களுக்கு, அந்த ரசிகர் உலகத்துக்குள்ள இருந்தே அளவுகோல் எடுத்துத் தர்றேன். நான் மேல சொன்ன கொலராடோ திருவிழா இருக்கே, அங்க ஒரு பீருக்கு ஊத்துறது 1 அவுன்ஸ். அதாவது 30 மில்லி! பீர் நடுவர் தேர்வு எழுதி 50-க்கு மார்க் போடுறவங்களும் சின்ன கிளாஸ்ல கொஞ்சமாத்தான் ருசி பார்ப்பாங்க. அந்தத் துறையில நல்லா தெரிஞ்சவங்க ஒரு பீருக்குக் குடிக்கிற அளவு இவ்வளவுதான்.

27) வாசனை முதல் ரெண்டு மூணு வாய்லயே முழுசாக் கிடைச்சிடும். அப்புறம் மூக்கு பழகிடும். ருசிதான் நோக்கம்னா ஒரு டின்னை நாலு பேர் பங்கு போடுங்க. 473 மில்லி நாலு பங்குன்னா ஆளுக்கு 118 மில்லி, 8%-னாலும் சுமார் 7.5 கிராம்தான். ஒரு சனிக்கிழமை மூணு வித பீர் ருசி பார்த்தாலும் 23 கிராம். பாட்டில் பங்கீடுங்கிறது அங்க ரசிகர்கள் ஏற்கெனவே பண்றதுதான். பேச ஆள் கிடைக்கும், அது பாட்காஸ்டைவிட மேல்.

28) பார்ல "ஃப்ளைட்"னு நாலு குட்டி கிளாஸ் கொண்டுவந்து வைப்பாங்க. குட்டிதானேன்னு நினைக்காதீங்க. 4 அவுன்ஸ் வீதம் நாலுன்னா மொத்தம் அதே 473 மில்லி. நாலும் 10% ஸ்டௌட்டா இருந்தா 38 கிராம், ரெண்டே முக்கால் டிரிங்க். அதோட வண்டி எடுத்தா சட்டமும் பிடிக்கும், சாவும் பிடிக்கும். ஓட்டுறவர் குடிக்கக் கூடாது, அதுல "ருசி மட்டும் பார்த்தேன்" கதையெல்லாம் வேண்டாம்.

29) பாட்காஸ்டை எங்க சேர்க்கலாம்? சட்டம் அனுமதிக்கிற ஊர்ல இருந்தா, காய்ச்சற வேலையோட. மாவாக்கின மால்ட்டை 65, 67 டிகிரி வெந்நீர்ல ஊற வைக்க ஒரு மணி நேரம். ஹாப்ஸ் போட்டுக் கொதிக்க வைக்க இன்னொரு மணி நேரம். ஆற வைக்க, பாத்திரம் கழுவ அதுக்கு மேல. கை வேலையா இருக்கும், காது சும்மா இருக்கும். அந்த மூணு மணி நேரத்துக்கு எவ்வளவு நீள எபிசோட் வேணும்னாலும் போடுங்க. ஆல்கஹால் அப்ப பூஜ்ஜியம், ஈஸ்ட்டே இன்னும் போடல.

30) ஆனா காய்ச்சினதெல்லாம் நீங்களே குடிக்கணும்னு இல்ல. அமெரிக்கச் சட்டம் வயசு வந்த ஒருத்தர் தனியா இருக்கிற வீட்டுக்கு வருஷம் 100 கேலன் அனுமதிக்குது. அதை 5% பீராக் காய்ச்சி ஒருத்தரே குடிச்சா நாளுக்கு 41 கிராம் வரும். அது வரித்துறை போட்ட எல்லை, மருத்துவர் போட்டது இல்ல. பங்கு கொடுங்க. லேபிள் சேகரிங்க, ஆலையைச் சுத்திப் பாருங்க, 1842-ல பில்சன் ஊர்ல முதல் பில்ஸ்னர் எப்படி வந்துச்சுன்னு படிங்க. இந்த ஹாபியில கிராமே இல்லாத பக்கங்கள் நிறைய.

31) 0.5%-க்குக் கீழ உள்ள மதுவில்லா கிராஃப்ட் பீர் இப்ப ருசியாவே வருது. 355 மில்லிக்கு ஒன்றரை கிராம்கூட இல்ல. பாட்காஸ்ட் ராத்திரிக்கு நான் கை காட்டுறது இதைத்தான். ஒரே எச்சரிக்கை: குடிநோய்லருந்து மீண்டு வந்தவங்க இதையும் தொட வேண்டாம். அந்த வாசனையே பழைய கதவைத் திறந்துடலாம்.

32) யார் மொத்தமாத் தவிர்க்கணும்? கர்ப்பிணிகள், குழந்தைக்குத் திட்டமிடுறவங்க, கல்லீரல் நோய் உள்ளவங்க, தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறவங்க. கீல்வாதம்னு சொல்ற கௌட் இருந்தா பீர் தனி எதிரி. 2004-ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, மது வகைகள்ல கௌட் ஆபத்தை ரொம்ப ஏத்தினது பீர்தான். லினிசோலிட் மாதிரி சில மருந்து எடுக்கும்போது குழாயில வர்ற பீர்ல உள்ள டைரமின் ரத்த அழுத்தத்தைத் திடீர்னு ஏத்தும். மாத்திரை வாங்கும்போதே கேட்டுடுங்க.

33) ஒரு சின்னச் சோதனை. ரெண்டு வாரம், அதே நிகழ்ச்சி, அதே நாற்காலி, கையில தண்ணியோ மோரோ. நிகழ்ச்சி அதே அளவு பிடிச்சிருக்கா? பிடிச்சிருந்தா நல்லது, உங்களுக்குப் பாட்காஸ்ட்தான் பிடிச்சிருக்கு. "இது இல்லாம கேட்கவே முடியல"ன்னு தோணினா அதையும் ஒரு தகவலா எடுத்துக்கோங்க, வெட்கப்பட ஒண்ணுமில்ல. அதோட ஒரு டாக்டரைப் பாருங்க.

34) முக்கியம், இதைத் தாண்டிப் போயிடாதீங்க. தினமும் நிறையக் குடிக்கிறவங்க இந்தச் சோதனையைத் தனியாச் செய்யக் கூடாது. நிறுத்தின ஒண்ணு ரெண்டு நாள்ல கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை வந்தா உடனே மருத்துவமனை. வலிப்பு வரலாம், குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து ஆகலாம். மருந்து கொடுத்துப் பாதுகாப்பா நிறுத்த வைக்க முடியும்.

35) "ஒயின் குடிச்சா ரசனை, பீர் குடிச்சா மட்டும் பாடம் எடுப்பீங்களா?"ன்னு கேட்கப் போறவங்களுக்கு: 150 மில்லி ஒயின், 12%. கணக்கு போடுங்க, 14 கிராம். சூத்திரம் அதுவேதான். ஒயின்காரங்க பக்கமும் ஒரு நாள் வர்றேன்.

36) கடைசியா ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை எந்த ஊர் டாக்டர் "எவ்வளவு குடிப்பீங்க?"ன்னு கேட்டாலும் "ரெண்டு பீர்"னு சொல்லாதீங்க. "473 மில்லி, 8%, ரெண்டு டின், வாரத்துல நாலு நாள்"னு சொல்லுங்க. பீருக்குக் கசப்பு எத்தனைன்னு சொல்லத் தெரிஞ்ச உங்களுக்கு இது பெரிய விஷயமே இல்ல. சரியான எண் கைக்கு வந்தாத்தான் எங்களாலயும் சரியான ஆலோசனை சொல்ல முடியும். உங்க டின்னோட மில்லியையும் சதவீதத்தையும் கீழ போடுங்க, நேரம் கிடைக்கும்போது சேர்ந்து கணக்கு பார்ப்போம்.